சுவருக்கு மேலே நாலு அறை

கோவில்பட்டி
3 மார்ச் 2024

அன்புள்ள நந்து அண்ணா,

நீங்கள் கேட்பது வீடு இல்லை. கரட்டடித் தெருவில் இருக்கும் பதினோரு குடும்பங்கள் கண்ணில் படாமலிருக்க ஒரு சுவர் கேட்கிறீர்கள். அந்தச் சுவருக்கு மேலே நாலு அறை.

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு நலம் விசாரிக்க வருகிறது. நீங்களும் சுந்தரேஸ்வரி அண்ணியும் பிள்ளைகளும் ஆக்லாந்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். எனக்குக் குறையில்லை. நான் வேலை முடித்து உட்காரும்போது உங்களுக்கு நடுநிசி ஆகிவிடுகிறது. அதனால் வீட்டு விஷயம் எல்லாம் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும்.

உங்கள் ஐந்து பக்கப் பட்டியலை மூன்று முறை படித்தேன். கரிசலில் கட்டினால் மண் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும், வருஷத்துக்கு ஒரு கீறல் விழும். அதனால் நம் பட்டாவில் உள்ள கரட்டுக் குன்றில், பாறை மேல் கட்டலாம் என்கிறீர்கள். சரி. காற்றாலைகளும் சூரியன் இறங்குவதும் கூடத்திலிருந்தே தெரிய வேண்டும். அதுவும் சரி. குளியலறைக்கும் முழுக் கண்ணாடி வேண்டும், ஆனால் ஒரு கண்கூட உள்ளே வரக் கூடாது. அதற்காகச் சரிவையே நிரப்பி மேடாக்கச் சொல்கிறீர்கள். அப்படியானால் கீழ்ப்பக்கம் பதினான்கு அடி உயரத்துக்குத் தாங்குசுவர் வரும். அதன் காலடியிலிருந்து பன்னிரண்டாவது அடியில் ஆவுடைத்தாய் அக்காவின் அடுப்பு இருக்கிறது.

நான் வேறொன்று வரைந்து இணைத்திருக்கிறேன். நிரப்ப வேண்டாம். சரிவோடு மூன்று படியாக இறங்கும் வீடு. ஒரு படியின் கூரை மேல்படிக்கு முற்றம். ஜன்னல்கள் மேற்கே பார்க்கும், மறைப்புக்கு ஓட்டைச் செங்கல் திரை. பெரிய சுவரே தேவையில்லை.

அளவெடுக்கப் போனபோது ஆவுடைத்தாய் அக்கா தீப்பெட்டி ஆலை வேனுக்காக நின்றிருந்தார். "என்னம்மா, ஒங்க அண்ணாச்சிக்கு ஊரு பூராந் தெரியணுமாம், அவிய மட்டும் ஊருக்குத் தெரியப்படாதாமே? கோயில்ல சாமிகூட நடைய தெறந்து வச்சுக்கிட்டுல்லா இருக்கு" என்றார். வேனில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தங்கை,
இந்துஜா


ஆக்லாந்து
9 மார்ச் 2024

என் செல்லத் தங்கை இந்துவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கோபமும் சௌக்கியம் என்று கடிதத்திலேயே தெரிந்தது. வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே.

படம் அழகாக இருக்கிறது. அண்ணியும் ரசித்தாள். ஆனால் மூன்று படி இறங்கும் வீட்டில் அம்மா எப்படி நடப்பாள் என்று யோசித்தாயா? அவளுக்குச் சமதளம் வேண்டும். முன்னால் ஒரு தோட்டம் வேண்டும். நாங்கள் இங்கே குடியிருப்பதும் மலைச்சரிவு வீடுதான். மேடாக்கி, சுவர் கட்டி, மேலே வீடு. யாரும் யாரையும் மறைப்பதாக இங்கே நினைப்பதில்லை. தனிமை வேண்டும் என்பது குற்றமா?

நீதான் நம் வீட்டு இன்ஜினீயர். வெளியாளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேடாகவே போடு, சுவரை நீ எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் போடு.

அந்த ஆவுடைத்தாய் பேசுவதையெல்லாம் எனக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஆசிகளுடன்,
அண்ணன் நந்தகோபால்


கோவில்பட்டி
21 ஏப்ரல் 2024

அண்ணாவுக்கு,

அனைவரும் நலமா? இங்கே அக்கினி நட்சத்திரம் வரும் முன்பே கரடு அடுப்புக் கல்லாகச் சுடுகிறது. அம்மா நலம்.

அம்மாவின் முழங்காலைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள். நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அம்மா மட்டும் இல்லை. எனக்கு இதுவரை வந்ததெல்லாம் கடைக்கு மாடி எடுப்பதும் நகராட்சி அனுமதிக்கு வரைவதும்தான். ஒரு முழு வீடு இதுதான் முதல்.

சுவரைப் பற்றி மூன்று விஷயம் தெளிவாகச் சொல்கிறேன். கருங்கல் கட்டு, அடியில் ஏழடி அகலம். சுவருக்குப் பின்னால் நிரப்புவது சரளும் உடைகல்லும் மட்டும், ஏனென்றால் அவை தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. ஐந்தடிக்கு ஒன்றாக, மூன்று வரிசையில் வடிகுழாய்கள். மழை பெய்தால் உள்ளே இறங்கும் தண்ணீர் அந்தக் குழாய்கள் வழியே வெளியேறும். வெளியேறாவிட்டால் சுவர் தாங்க வேண்டியது மண்ணை மட்டும் இல்லை, ஒரு குளத்தை.

கொத்தனாராகச் சங்கிலிப்பாண்டி அண்ணனை வைத்திருக்கிறேன். ஆவுடைத்தாய் அக்காவின் தம்பி, அதே தெரு. கல் வேலையில் இந்தப் பக்கம் அவர் கைக்கு மாற்று இல்லை. "எங்கக்கா வீட்டு வாசல்ல கோட்ட கட்டுதேன். நாளைக்கு வாசத் தெளிக்கையில என்னையத்தான் ஏசுவா" என்று சொல்லிக்கொண்டே நூல் பிடிக்கிறார்.

இந்துஜா


ஆக்லாந்து
12 மே 2024

அன்புள்ள இந்து,

நலம். உன் தலைவலி எப்படி இருக்கிறது? அம்மா சொன்னாள்.

சுவர் எழும்பும் படங்கள் பார்த்தேன். பெருமையாக இருக்கிறது.

ஒரு செய்தி. நம் வடக்குக் கரிசல் பன்னிரண்டு ஏக்கரையும் சோலார் கம்பெனிக்குப் பேசி முடித்தாகிவிட்டது. அடுத்த மாதம் பத்திரம், உடனே வேலி போட்டுவிடுவார்கள். அம்மா ஒரு வாரமாகச் சாப்பிடவில்லையாம். நேற்று போனில் ஒன்றே ஒன்று கேட்டாள். நிலம் போனால் போகட்டும், அந்த மண் நம்மோடு வரட்டும் என்றாள். வேலி விழுமுன் மேல்மண்ணை அள்ளிக் கரட்டில் கொட்டிவிடலாம். எழுபது லோடு வரும். சரளுக்குக் குவாரிக்கு அலைய வேண்டாம். நம் வீடு நம் மண்ணின் மேலேயே நிற்கும். எனக்கே எழுதும்போது கண் கலங்குகிறது.

டிப்பருக்கு ஜெயபாண்டியிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன்


கோவில்பட்டி
14 மே 2024

அண்ணா,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை, மன்னியுங்கள்.

கரிசலில் அடித்தளம் போடக் கூடாது என்று மார்ச்சில் சொன்னது நீங்கள். அதே கரிசலைச் சுவருக்குப் பின்னால் கொட்டச் சொல்வதும் நீங்கள். அந்த மண் தண்ணீர் குடித்தால் உப்பும். உப்பினால் தள்ளும். கல்லுக்கு நம் குடும்பப் பாசம் தெரியாது.

அம்மாவிடம் பேசினேன். "அப்பா காலு பட்ட மண்ணுட்டி அது. அதுல ஒரு மல்லிகப் பதியம் வைக்கப்படாதா எனக்கு?" என்று அழுதாள். தோட்டத்துக்கென்று மேலே இரண்டடி மட்டும் கரிசல். கீழே முழுக்கச் சரள். இதற்கு மேல் ஒரு கூடைகூட விடமாட்டேன்.

இந்துஜா


ஆக்லாந்து
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள இந்து,

ஊருக்கு வந்துபோன களைப்பு இன்னும் தீரவில்லை. பிள்ளைகளுக்குச் சளி. உனக்கு உடம்பு தேவலையா? நாங்கள் இருந்த பத்து நாளும் நீ மெலிந்தே தெரிந்தாய்.

மேடும் சுவரும் நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கின்றன. ஜூனில் ஐந்தே நாளில் நிரப்பி முடித்துவிட்டார்களே, ஜெயபாண்டி கெட்டிக்காரன்.

ஒரு குறை. அங்கிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் அண்ணி தோட்டத்து மேட்டில் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் சுவர் விளிம்பில் நாலு தலை. நீ வைத்த குழாய்கள் அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதில் கால் வைத்து, கை பிடித்து, தெருப் பிள்ளைகள் ஏணி போல ஏறி வருகிறார்கள். அவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. இத்தனை செலவில் சுவர் கட்டி, அதில் ஏணியையும் நாமே கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அந்தக் குழாய்களை அடைத்துவிடு. நம் ஊரில் அப்படி என்ன மழை பெய்துவிடப் போகிறது?

அண்ணன்


கோவில்பட்டி
6 ஆகஸ்ட் 2024

அண்ணா,

பிள்ளைகளுக்குச் சளி குறைந்ததா? கஷாயம் கொடுக்கச் சொல்லி அம்மா நூறு தடவை சொல்கிறாள்.

குழாய்களை அடைக்கக் கூடாது. ஒன்றைக்கூட. நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சுவரோடு சமமாக அறுத்துவிட்டால் போதும். ஒரு ரம்பம், அரை நாள் வேலை. ஓட்டை ஓட்டையாகவே இருக்கும், ஏறப் பிடிமானம் இருக்காது.

தெருவில் போய் விசாரித்தேன். ஏறியதில் முதல் ஆள் ஆவுடைத்தாய் அக்காவின் மகள் அமுதவள்ளி, ஐந்தாம் வகுப்பு. "ஏட்டி, எதுக்கு ஏறுன?" என்று அம்மாக்காரி காதைத் திருகினார். "ஆக்லாந்து பிள்ளைய இங்கிலீஷ்லயே சண்ட போடுதுவளாம், கேக்கப் போனேன்" என்றது. அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னிடம், "நான் சொல்லி வைக்கேம்மா, இனிம ஏறாது. அண்ணியக் கோவிச்சுக்கிட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

அறுக்கச் சொல்லிச் சங்கிலிப்பாண்டி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். பதில் போடுங்கள்.

இந்துஜா


ஆக்லாந்து
15 செப்டம்பர் 2024

அன்புள்ள இந்து,

நாற்பது நாளாக எழுதவில்லை என்று கோபமா? அலுவலகத்தில் ஆட்குறைப்பு, தலைக்கு மேல் வேலை. எல்லோரும் சுகம். நீயும் அம்மாவும் சுகம்தானே?

கூடத்துக்குச் சாம்பல் நிறக் கிரானைட் முடிவு செய்துவிட்டோம். கண்ணாடி கோயம்புத்தூரிலிருந்து வரும். தை பிறந்ததும் பால் காய்ச்சிவிடலாம். பத்திரிகை மாதிரி ஒன்று பார்த்து அனுப்பு.

குழாய் விஷயம் முடிந்தது. நீ சொன்னபடியே.

அண்ணன்


கோவில்பட்டி
30 நவம்பர் 2024

அண்ணா,

நேற்று முன்தினம் காலை ஆறேகாலுக்குச் சுவர் விழுந்தது. மூன்று நாள் விடாத மழை. நடுவில் நாற்பதடி அப்படியே வயிறு தள்ளி, பிளந்து, தெருவின் மேல் சரிந்தது. மண்ணோடு சேர்ந்துதான் வந்தது.

ஆவுடைத்தாய் அக்கா ஆலைக்குப் போகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். உடலை எடுக்க நாலு மணி நேரம் ஆனது. கரிசல் சேறு மண்வெட்டியை விடவில்லை. சங்கிலிப்பாண்டி அண்ணன் கையாலேயே அள்ளினார். அமுதவள்ளியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் நின்ற என்னிடம், "எங்கம்ம எங்க?" என்று கேட்டது. 

வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாறை மேல் நிற்கிறது.

இந்துஜா


ஆக்லாந்து
8 டிசம்பர் 2024

அன்புள்ள இந்து,

செய்தி கேட்டதிலிருந்து தூக்கமில்லை. அண்ணி அழுதுகொண்டே இருக்கிறாள். அந்தக் குடும்பத்துக்கு நம்மால் ஆனதைச் செய்வோம். நீ தைரியமாக இரு, அம்மாவை விட்டு நகராதே.

ஊரில் ஒரு வக்கீல் மூலம் பேசியாகிவிட்டது. உன் பெயர் எங்கும் வராது. குழாய்களை அடைத்தது சங்கிலி என்று அவனே ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டுவிட்டான். எதற்காகச் செய்தானோ, யார் கண்டது! படிப்பில்லாதவன். அடைக்கக் கூடாது என்று நீ ஆகஸ்டிலேயே எழுதியிருக்கிறாய். சரி என்று நானும் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு கடிதமும் நம்மைக் காப்பாற்றும். வக்கீலிடம் பிரதி கொடுத்துவிட்டேன்.

இது நேரத்தின் கொடுமை. நடந்ததை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


கோவில்பட்டி
22 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு,

உங்கள் உடல்நலத்தை விசாரித்துத் தொடங்குவதுதான் வழக்கம். இம்முறை சங்கிலிப்பாண்டி அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கிறார். அன்று சேறு அள்ளியதில் விரல் நகங்கள் நாலு பெயர்ந்துவிட்டன. அக்காவுக்குக் கொள்ளி வைக்கப் போனவரைச் சுடுகாட்டு வாசலில் வைத்துக் கூட்டிப் போனார்கள்.

அவர் மனைவியிடம் பேசினேன். ஆகஸ்ட் இருபது வாக்கில் நீங்கள் அவருக்குப் போன் செய்தீர்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தாராம். நீங்கள் சொன்னதை அந்தப் பெண் எனக்கு அப்படியே சொன்னார்: "ஏலே சங்கிலி, அந்தக் குழாயெல்லாம் கலவ போட்டு அடைச்சிரு. பாப்பாட்ட சொல்லாத. அவ படிச்சவ, ஆயிரம் சட்டம் பேசுவா. பொங்கலுக்கு நான் வாரப்ப சுவத்துல ஒரு தல தெரியப்படாது." அறுத்தால் போதும் என்று பாப்பா சொன்னதாக அவர் சொல்லியிருக்கிறார். "வீடு எனக்கா அவளுக்கா?" என்று கேட்டீர்களாம். பாப்பா என்று நீங்கள் என்னைத் தவிர யாரையும் கூப்பிட்டதில்லை.

ஸ்டேஷனில் ஏன் உங்கள் பெயரைச் சொல்லவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "சொன்னா மட்டும் ஆக்லாந்துக்குப் போயா பிடிப்பாவ? இங்கன நாங்க நாளைக்கும் ஒங்க ஆளுவ வீட்டுக்குத்தான வேலைக்கு வரணும்" என்றார். சங்கிலிப்பாண்டி அண்ணன் வேறு பதில் சொன்னாராம்: "எங்கக்காவ எங் கையாலதான கொன்னேன். வேற யாரச் சொல்ல?"

இனி என் பங்கு. ஜூனில் ஐந்து நாளில் எழுபது லோடு கொட்டியபோது நான் மூன்று நாள் போகவில்லை. போனபோது மேலே கரிசல் மட்டும் தெரிந்தது. கீழே சரள்தான் என்று ஜெயபாண்டி சொன்னார், அம்மாவும் சொன்னாள். ஒரு கடப்பாரை போட்டுப் பார்த்திருந்தால் கீழேயும் கரிசல்தான் என்று தெரிந்திருக்கும். அம்மா மல்லிகைப் பதியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கடப்பாரை கேட்கவில்லை.

அக்டோபர் மழைக்குப் போனேன். "பாத்தியா, ஒரு சொட்டுக் கசிவு இல்ல" என்று அம்மா சுவரைத் தொட்டுக் காட்டினாள். சுவர் எலும்பு போலக் காய்ந்திருந்தது. மழையில் தாங்குசுவர் காய்ந்திருக்கக் கூடாது, அண்ணா. இது எனக்கு இரண்டாம் வருஷப் பாடம். கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லாக் குழாய்களும் சமமாக அறுக்கப்பட்டிருந்தன, உள்ளே கலவை அடைத்து மேலே பூசியிருந்தது. நீங்கள் சொல்லித்தான் நடந்தது என்று அப்போதே புரிந்தது. தீபாவளி முடியட்டும், உங்களோடு சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தேன். தீபாவளி முடிந்தது. எனக்கு எட்டயபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டப வேலை வந்தது.

இதையெல்லாம் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கில் என் பெயரும் சேர்ந்துவிட்டது. நீங்கள் சொன்னதையும் எழுதினேன். "ஒங்க அண்ணன் பேசுனத நீங்க காதால கேட்டீயளாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். கேட்கவில்லை. கேட்டது கைதியின் மனைவி. அவர் சொல்லை யார் எடுப்பார்கள்?

பதில் எழுதுங்கள்.

இந்துஜா


கோவில்பட்டி
2 மார்ச் 2025

அண்ணா,

டிசம்பர் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜனவரியில் மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அண்ணி ஒருமுறை எடுத்து, நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. என் தட்டில் சோறு மட்டும் வைக்கிறாள்.

உங்களிடமிருந்து எனக்கு எழுத்து வரவில்லையே தவிர, கரட்டுக்கு எல்லாம் வருகிறது. போன வாரம் குளியலறைக் கண்ணாடி லாரியில் வந்து இறங்கியது. மதுரையிலிருந்து வேறொரு இன்ஜினீயர் வந்தார். சுவரைக் கான்கிரீட்டில் கட்டப் போகிறாராம். நல்ல குழாய்கள் வைத்திருக்கிறார், சுவருக்குள்ளேயே, வெளியே தெரியாமல். வரைபடத்தை எனக்குக் காட்டினார். தெரு இருந்த இடத்தை வெறும் கோடாக விட்டிருக்கிறார். ஆறு குடும்பங்கள் போய்விட்டன. மிச்சம் ஐந்து.

சங்கிலிப்பாண்டி அண்ணனுக்கு இரண்டாம் முறையும் ஜாமீன் கிடைக்கவில்லை. அலட்சியம் என்று எழுதியிருந்தால், என்னை விட்டதுபோல் அன்றைக்கே விட்டிருப்பார்கள். தெரிந்தே செய்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் என்னவென்று கோர்ட்டில் வாசித்தார்கள். அடைக்கக் கூடாது என்ற என் ஆகஸ்ட் கடிதம். நீ சொன்னபடியே என்ற உங்கள் செப்டம்பர் கடிதம். இன்ஜினீயரும் உரிமையாளரும் வேண்டாமென்று சொன்ன பிறகும் கொத்தனார் அடைத்தார். நாம் இருவரும் அன்போடு எழுதிக்கொண்டவை, ஒவ்வொரு வரியாக. கூண்டில் நின்றவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அடைக்கச் சொன்ன உங்கள் ஆகஸ்ட் கடிதத்தையும் நான் கொடுத்தேன். அதற்குப் பின் நீங்கள் மனம் மாறிவிட்டீர்கள் என்றார் உங்கள் வக்கீல்.

அமுதவள்ளி என் அலுவலகத்துக்கு மேல் அறையில் அதன் சித்தியோடு இருக்கிறது. கட்டைக்கால் இன்னும் பழகவில்லை.

அடுத்த வாய்தா மார்ச் பதினெட்டு. நீங்கள் வர வேண்டாம். அங்கே ஒரு நோட்டரி முன்னால் போய், "குழாய்களை அடைக்கச் சொன்னவன் நான், என் தங்கைக்குத் தெரியாமல் செய்யச் சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதினேழாம் தேதிக்குள் அனுப்புங்கள்.

இந்துஜா